பூசையில் வைத்த பற்றரிகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் குளிர்காலம் எங்கள் வீட்டுக்கு இரண்டு பற்றரிகளோடு வந்தது. ஓக்லாந்தில் குளிர் தொடங்கும் ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த ஒரு நேரம் பார்த்து, மாமா தன் படகிலிருந்து அவற்றைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, முழங்கால் மடங்க மடங்க நடந்து வந்து, லாண்டரியில் உடுப்புத் துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். கீழே ஒரு பலகை போட்டிருந்தார். வெறும் சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரியின் சக்தி இறங்கிவிடும் என்று படகுத்துறையில் யாரோ சொல்லியிருந்தார்களாம். அதெல்லாம் அந்தக் காலத்துப் பற்றரிகளுக்கு, இப்போதையவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று அப்பா எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னார். பலகை போட்டாலும் ஒன்றும் ஆகாதுதானே என்றார் மாமா. அம்மா வாயே திறக்காமல் சவர்க்காரத் தூள் வாளியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். அம்மா பேசாமல் எதையாவது நகர்த்தினால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. கிளென்ஃபீல்டில் நாங்கள் இருந்த வீட்டின் கராஜை இரண்டாக மறித்துச் செய்த அறையில் இருந்தார். ஈஸ்ட் டாமாக்கியில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. நான் எழும்பும்போது அவர் படுப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் எழும்பி, கண்ணெல்லாம் சிவந்து, தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தலைகீழ் வாழ்க்கைக்கு ஈடாக அவர் தனக்கென்று வைத்திருந்தது ஒரு படகு. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒருவர் விற்றுவிட்டுப் போன அலுமினியப் படகு. நெருக்கியடித்தால் நாலு பேர் இருக்கலாம். அது ட்ரெய்லரில் ஏறி எங்கள் வீட்டு வாசல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால் அப்பாவின் கார் வருடம் முழுக்கத் தெருவில் நின்றது. அம்மா அதைப் படகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தத் தகரம்" என்பார்.

தகரத்தின் மேல் அம்மாவுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் மாமா பற்றரிகளைக் கழற்றவில்லை. குளிர்காலம் முழுக்க அவை படகிலேயே கிடந்தன. மீன் கூட்டத்தைக் காட்டும் சிறிய திரை ஒன்று படகில் உண்டு. அதன் வயரையும் பிடுங்கவில்லை. அது நாலு மாதமாகப் பற்றரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. வெயில் அடித்த முதல் சனிக்கிழமை மாமா கடலுக்குப் போனார். துறையில் இன்ஜின் இருமி இருமி ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. ரங்கிட்டோட்டோ தீவுக்கு அந்தப் பக்கம் போய் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டவர், இரண்டு மணித்தியாலம் கழித்து இன்ஜின் திறப்பைத் திருகியபோது அது இருமக்கூட இல்லை. இரண்டாவது பற்றரியும் அதே கதை. காற்று வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மீட்புப் படகு ஒன்று தேடிப் பிடித்துக் கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது பொழுதுபட்டுவிட்டது. அந்த மத்தியானம் முழுக்க அம்மா சமையலறை ஜன்னலில் போனைப் பிடித்தபடி நின்று அழுததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா இரண்டு மீனோடு வந்தார். அம்மா அதைத் தொடமாட்டேன் என்றார். அப்பாதான் சமைத்தார், உப்புக் கூடிப்போனது.

அம்மா அத்தோடு விட்டிருந்தால் பிழையில்லை. ஆனால் அந்தக் கிழமைதான் மாமா ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவிடம் முதல்முறையாகச் சொல்லியிருந்தார். நகரின் மறுபக்கம் நியூ லினில் இருந்தார், மதுரைக்காரர், ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. கல்யாணமாகி இரண்டாம் வருடமே கணவர் மாரடைப்பில் போய்விட்டாராம். பிள்ளைகள் இல்லை. மாமா அவரைக் கட்ட விரும்பினார்.

அம்மா கெட்டவர் இல்லை. யாராவது புதிதாக ஓக்லாந்துக்கு வந்து இறங்கினால் முதல் சோற்றுப் பார்சல் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் அம்மாவுக்கு மூன்று தம்பிமார் இருந்தார்கள். இரண்டு பேரை யுத்தம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது மாமா ஒருவர். அந்த ஒருவர், புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் பேரை எடுத்த ஐந்தாம் நாள் கடலில் இழுபட்டுப் போகிறார் என்றால் அம்மாவின் மனம் எங்கே போய் நிற்கும்? பற்றரியில் போய் நிற்கவில்லை. அந்தப் பெண் நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு இதெல்லாம் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். வீட்டில் ஒரு சண்டை இருக்கிறது, அது நியூ லின் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் என் கணக்கு.

ஆகவே அந்த ஜூன் மாதத்தில் லாண்டரிக்கு வந்தவை வெறும் பற்றரிகள் இல்லை. மாமா அவற்றைச் சாட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பலகையில் வைத்த கையோடு அம்மாவிடம் சொன்னார்:

"அது பற்றரி செய்த வேலை, அக்கா. அந்தப் பிள்ளையின்ரை ராசி செய்த வேலை இல்லை. இந்தமுறை நான் ஒழுங்கா வைச்சுக் காட்டுறன்."

அம்மா மெஷினுக்குள் உடுப்பைப் போட்டு மூடியைக் கொஞ்சம் பலமாகவே அடித்துச் சாத்தினார்.

மாமா ஒழுங்காகத்தான் வைத்தார். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்தூரிகையால் முனைகளில் பூத்திருந்த பச்சைப் பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவினார். துடைத்து வாசலீன் பூசினார். மூடிகளைத் திறந்து பார்த்து, குறைந்திருந்த இடத்தில் காய்ச்சி வடித்த நீர் விட்டார். பிறகு ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து, பெரிய தமிழ் எழுத்துகளில் விதிமுறை எழுதிச் சுவரில் ஒட்டினார். மாதத்து முதல் ஞாயிறு சார்ஜ் போட வேண்டும். போடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சிவப்பு முதலில், கறுப்புப் பிறகு. நெருப்பு கிட்டவும் வரக் கூடாது. பச்சை லைட் வந்தால்தான் கழற்றலாம். எழுத்துகள் பெரிதாக இருந்ததற்குக் காரணம் நான். ஞாயிறு பகலில் மாமா செத்த பிணம் மாதிரி நித்திரை கொள்வார், அம்மா தொடமாட்டார், அப்பா மறந்துபோவார். அதனால் அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் எழுத்துக் கூட்டி வாசித்த பாடங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. அந்த அட்டை மட்டும் மனப்பாடம்.

ஜூலை மாதத்து முதல் ஞாயிறன்று நான் சார்ஜரைப் பற்றரியில் பூட்டிவிட்டு, சிவப்பு லைட்டைப் பார்த்தபடி மெஷினுக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மாமா நேரத்தோடு எழும்பிவிட்டார். சமையலறையில் அவரும் அம்மாவும் கதைப்பது கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை. அம்மா ஏதோ சொன்னார், அழுவது போலிருந்தது. மாமா சத்தம் போடவில்லை. அவர் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்டது.

"சரி அக்கா. குளிர் முடியுமட்டும் இருக்கிறன். பற்றரி படகில ஏறுற அண்டைக்கு நானும் நியூ லினுக்குப் போறன். அவ வரக் கூடாத வீட்டில நான் மட்டும் இருந்து என்ன செய்யிறது?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பற்றரி வீட்டில் இருந்தால் மாமா வீட்டில் இருப்பார். பற்றரி போனால் மாமா போவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்தால் தேநீரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், என் ஆங்கிலத்துக்கெல்லாம் தமிழிலேயே பதில் சொல்வார், நான் சொல்லும் வகுப்பறைச் சண்டைகளைக் கேட்டு யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் வழங்குவார். அந்தக் கதிரை வெறுமையாகிவிடும். மாமா போகக் கூடாது. எப்படியாவது போகக் கூடாது.

அன்றிலிருந்து நான் பற்றரிகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். என் கையால் சார்ஜ் ஏற்றி, மாமாவை அனுப்பிவைக்க நானே அல்லவா ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன்? ஓகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறன்று நான் சார்ஜரைப் பூட்டவில்லை. பூட்டியாயிற்றா என்று பின்னேரம் மாமா கேட்டபோது ஓம் என்றேன். நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. வழக்கமாக 'யெஸ்' என்பவள் அன்று ஓம் என்றதில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

திங்கட்கிழமை வகுப்பில் மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் மாமா தெரிந்தார். படகுக்குள் உட்கார்ந்து திறப்பைத் திருகிக்கொண்டேயிருக்கிறார், இன்ஜின் இருமக்கூட இல்லை, காற்று வெளிப்பக்கமாக இழுக்கிறது. பற்றரியைச் சாக விட்டால் மாமா வீட்டில் நிற்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போனவருடம் போல இருமுகிற பற்றரியோடும் போகக்கூடியவர் என்பது அந்தப் பின்னத்துக்கு நடுவில்தான் உறைத்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லாண்டரிக்குப் போய்ச் சிவப்பைப் பூட்டி, கறுப்பைப் பூட்டி, ஜன்னலைத் திறந்தேன். இராச்சாப்பாட்டுக்கு முன்பே பச்சை வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது.

செப்டம்பரில் பகல் நீளத் தொடங்கியது. மாமாவின் அறையில் பெட்டிகள் சேர்ந்தன. பெட்டிகளுக்கு அவரிடம் பஞ்சமா என்ன? ஒன்றில் உடுப்பு, ஒன்றில் பாத்திரம், ஒன்றில் நான் வரைந்து கொடுத்த படங்கள். பாடசாலை விடுமுறையின் முதல் சனிக்கிழமை கடலுக்குப் போவதென்றும், முதல் ஓட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் துறைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், வந்த கையோடு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூ லினுக்குப் போவதென்றும் அப்பாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அம்மா நவராத்திரிக்குக் கும்பம் வைத்திருந்தார். அதற்குப் பூ மாற்றப் போய்விட்டார்.

நவராத்திரி இங்கே வசந்தத்தில் வரும். படகுக்காரர்கள் எல்லாம் தகரங்களைத் தட்டிக் கழுவி வெளியே எடுக்கிற அதே நாட்களில், எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் சரஸ்வதி வந்து உட்காருவாள். கடைசிப் பூசைக்கு முன் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் அவள் முன்னால் வைப்போம். வைத்ததை விஜயதசமி காலை வரைக்கும் தொடக் கூடாது. என் கணிதக் கொப்பியைத்தான் நான் எப்போதும் முதலில் கொண்டுபோய் வைப்பேன். அப்பா கணினி வேலைக்காரர். ஒவ்வொரு வருடமும் லாப்டொப்பை வைக்கச் சொல்லி அம்மா கேட்பார், வேலை இருக்கிறது என்று அப்பா மவுஸை மட்டும் வைத்துவிட்டுப் போவார். சரஸ்வதி அதையும் ஏற்றுக்கொண்டாள் போலும், அவருக்கு வேலை போகவில்லை.

அந்த வருடம் பஞ்சாங்கப்படி பூசை சனிக்கிழமை, விஜயதசமி ஞாயிறு. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும். மாமா வேலைக்குப் புறப்பட்டுப் போன பிறகு நான் அம்மாவிடம் போய், பற்றரிகளையும் பூசையில் வைக்கலாமா, அவையும் கருவிதானே என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த மாலையை வைத்துவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு வந்து வைக்கச் சொன்னார். நெருப்பு கிட்டவும் வரக் கூடாது என்ற விதிமுறையை நான் சொன்னவுடன், மறுபேச்சில்லாமல் குத்துவிளக்கைப் பற்றரிகளுக்கு எட்டாத மற்றத் தொங்கலுக்கு மாற்றினார். தகரத்தின் சாமானைத் தொடமாட்டேன் என்றிருந்தவர், சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, இரண்டு பற்றரிகளுக்கும் நெற்றி எது என்று தேடிப்பிடித்துத் தாமே பொட்டும் வைத்தார். இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்தது என் கெட்டித்தனத்தால் என்று நினைத்தேன். அவரும் என்னைப் போலவே அந்தச் சனிக்கிழமையை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது. சனிக்கிழமைக்கு அடுத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வரும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மாமா சனி காலை ஏழரைக்கு வந்தார். நேரே லாண்டரிக்குப் போனார். வெறும் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். வரவேற்பறை வாசலில் நின்று மூலையைப் பார்த்தார். என் கணிதக் கொப்பி, அப்பாவின் மவுஸ், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அவற்றுக்கு நடுவில் செவ்வரத்தம்பூச் சூடிய இரண்டு பற்றரிகள். அவர் சாமி பெரிதாகக் கும்பிடுகிற ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் மறித்திருக்க மாட்டோம். அம்மாவிடம் திரும்பி இது யார் வேலை என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

 வழக்கமாக ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும் எனக்கு அன்று ஆங்கிலம் வரவில்லை.

"பற்றரி போனா நீங்களும் போயிடுவீங்கள்," என்றேன்.

மாமா கிட்ட வந்தார். என் தலையில் கையை வைத்தார், எடுத்தார். நாளைக்கு எடுப்பம் என்றார். அவவுக்குப் போன் அடித்துச் சொல்ல வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கராஜுக்குப் போனார். இரவு முழுக்க நின்று வேலை செய்த மனிதர் சப்பாத்தைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சப்பாத்துத்தான் கழன்றது. தொழிற்சாலையில் போனின் சத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டுமாம். அதைத் திரும்பப் போட மறந்தபடியே நித்திரையாகிவிட்டார்.

பத்து மணியிருக்கும். அம்மா சமையலறையில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் நின்றதால் நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் வாசல் பாதையில், செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் நின்றார். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அம்மா அடுப்பை அணைத்தார். அவர் யார் என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

அந்தப் பெண் அம்மாவைக் கண்டதும் விறுக்கென்று விலகி நின்றார். கன்னத்தைத் துடைத்தார். துறையில் ஒன்றரை மணி நேரமாகக் காத்துக்கொண்டு நின்றாராம். போன் எடுபடவில்லை. தான் வருவதற்குள் தனியாகக் கடலுக்குப் போய்விட்டாரோ, போனவருடம் போல ஆகிவிட்டதோ என்று பயந்து, வரக் கூடாத வீடு என்று தெரிந்தும் வந்துவிட்டார்.

"படகு இங்கதான் நிக்குதுன்னு பாத்ததும்தான்க்கா எனக்கு உசுரே வந்துச்சு. அவரு நல்லா இருக்காருல்ல?"

"நித்திரை கொள்ளுறான்," என்றார் அம்மா. "வேலையால வந்தவன் அப்பிடியே படுத்திட்டான்."

"அப்ப சரிக்கா. எழுப்ப வேணாம். நான் கெளம்புறேன்."

அவர் திரும்பி நடந்தார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். போனவருடம் தான் நின்று அழுத ஜன்னல் அம்மாவுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தப் பெண் தெருவில் நின்ற அப்பாவின் காருக்குக் கிட்டப் போன பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது.

"நில்லுங்கோ. சரஸ்வதி பூசையண்டைக்கு வாசலுக்கு வந்த பொம்பிளையைச் சும்மா அனுப்ப ஏலாது. உள்ளுக்கு வாங்கோ."

உள்ளே வந்தவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவும் மறந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். அப்பா என்ன பேசுவது என்று தெரியாமல் வானிலையைப் பற்றிப் பேசினார். அம்மா அவலும் கடலையும் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மூலையைப் பார்த்தார். பேட்டரிக்கா பூஜை என்று கேட்டார். முதல்முறையாகச் சிரித்தார். நான் பக்கத்தில் போய் நின்று, எத்தனை மாதம் சார்ஜ் போட்டேன், எந்த முனையை முதலில் பூட்ட வேண்டும் என்றெல்லாம் ஒப்புவித்தேன். ஓகஸ்ட் மாதத்து ஒரு நாள் தாமதத்தைச் சொல்லவில்லை. மாசாமாசம் சார்ஜ் போடுகிற ஆள் நீதானா, உன்னைப் பற்றி அவர் பேசாத நாளே கிடையாது என்றார். நியூ லினிலிருந்து சண்டை மட்டும்தான் வரும் என்ற என் கணக்கு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அவர் எழுந்தார். நவராத்திரிக்கு வந்த பெண்கள் புறப்படும்போது வெற்றிலை பாக்கு, பழம் கொடுத்து, குங்குமம் வைத்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். அந்த வாரம் பத்துப் பதினைந்து பேருக்கு வைத்திருப்பார். எல்லோருக்கும் வைப்பார்கள், புருஷனை இழந்தவர்களுக்கு மட்டும் வைக்கமாட்டார்கள் என்ற வழக்கம் ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அம்மா தட்டை நீட்டினார். அவர் வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அரையடி பின்னால் நகர்ந்துகொண்டார். பரவாயில்லைக்கா என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மாவின் மோதிர விரல் குங்குமக் கிண்ணத்துக்குள் போயிருந்தது. அது அங்கேயே நின்றது. அப்பா வானிலையையும் விட்டுவிட்டார். 

நான் எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடி தெரிந்தது. ஒரு வாரமாக வந்த பெண்கள் எல்லோரும் எடுத்து, போதாததற்கு முதல் நாள் பற்றரிகளுக்கும் வைத்து, கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இதற்காகவா இவ்வளவு யோசனை? சாமித் தட்டுக்குக் கீழே இழுத்துத் திறக்கும் லாச்சியில் புதுப் பாக்கெட் இருப்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய் எடுத்து, பல்லால் நுனியைக் கிழித்துக்கொண்டு வந்து, நிறைய இருக்கிறது அம்மா என்று சொல்லிக் கிண்ணம் நிறையக் கொட்டினேன். அம்மாவின் விரல் மூடுண்டது. தரையிலும் கொட்டியது.

அம்மா என்னைப் பார்த்தார். சிந்தியதற்குப் பேச்சு விழப்போகிறது என்று பயந்தேன். அம்மா ஓரடி முன்னால் போய், அந்தப் பெண்ணின் நாடியை இடது கையால் நிமிர்த்தி, நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாழைப்பழம் கையிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நடை வாசலில் மாமா வந்து நின்றார், கன்னத்தில் தலையணைத் தடம், காலில் ஒரு சப்பாத்து. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மாமா அழுவதைப் பார்த்து, பற்றரிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, நாளைக்குக் காலையில் எடுக்கலாம் மாமா என்று ஆறுதல் சொன்னேன்.

ஞாயிறு காலை எடுத்தோம். துறையில் திறப்பைத் திருகிய முதல் திருகலிலேயே இன்ஜின் பற்றிக்கொண்டது. படகில் மாமாவும் அந்தப் பெண்ணும் அப்பாவும் நெருக்கியடித்து இருந்தார்கள், நான் நடுவில். அம்மா ஏறமாட்டேன் என்று கரையில் நின்றார். ஆனால் கையை ஆட்டினார். பெட்டிகள் தை மாதக் கல்யாணம் வரைக்கும் கராஜிலேயே இருந்தன. என் படங்கள் இருந்த பெட்டியை மாமி தன் கையால் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு எந்த நவராத்திரிக்கும் எங்கள் வீட்டில் முதல் குங்குமம் மாமிக்குத்தான்.

அன்றைக்கு நான் ஓடிப்போய் லாச்சியைத் திறந்ததற்கு அம்மா என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இரவு படுக்கப் போகுமுன் என்னைப் பிடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். குங்குமம் குறைந்துபோனதால்தான் அம்மாவின் விரல் அங்கே நின்றது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.